லீவு முடிவதற்குள் தூக்கம் திரும்ப வேண்டும்

கடிதத்தில் கேள்விகள் நிறைய. ஆனால் நீங்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: கணவருக்கு பைபோலார், அதாவது அளவுமீறிய வேகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய், என்பது ராணுவ யூனிட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா? அதற்கு வருகிறேன். அதைவிட அவசரமான ஒன்றை, போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ராஜஸ்தானில் ராணுவத்தில் நாயக்காக இருக்கும் அவர் சொந்த ஊர் பரதராமிக்கு லீவில் வந்ததிலிருந்து ஒன்பது நாளாக ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார். அம்மா, அதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

தூக்கம் வராமல் தவிக்கிறவர் காலையில் சோர்ந்து கிடப்பார், கண் எரிகிறது என்பார். உங்கள் கணவர் அப்படி இல்லை. இரண்டு மணிக்கே எழுந்து மாட்டுக்கொட்டகையைக் கழுவுகிறார். மூன்று மணிக்கு யூனிட் நண்பர்களுக்கு ஃபோன் போடுகிறார். விடிந்ததும் சித்தூருக்குப் போய், கடன் வாங்கிய பணத்தில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். அப்புறமும் களைப்பில்லை. ஏன் என்று கேட்டால் அடிக்க வருகிறார். மனமும் உடம்பும் அளவுமீறிய வேகத்தில் ஓடும் இந்த நிலைதான் மேனியா. போன வருஷம் இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அது இதே நோயின் இன்னொரு முகம். வேலூர் மனநல மருத்துவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது உங்கள் அண்ணன் செய்த காரியம். போன வருஷம் யாரோ எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரைச் சீட்டை எடுத்துப்போய், மெடிக்கல் ஷாப்பில் அதையே மறுபடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்தான வேலை. பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமப்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதுவே மேனியாவைக் கிளப்பிவிடலாம். இன்றே வேலூர் மருத்துவருக்கு ஃபோன் செய்து சொல்லுங்கள். பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கடைகள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

அண்ணனின் அடுத்த யோசனை இன்னும் மோசம். மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தான லித்தியம் மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பலாம், யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்கிறார். லித்தியம் அப்படி ஒளித்துச் சாப்பிடுகிற மருந்தே இல்லை. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. குணத்துக்கும் நஞ்சுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. ராஜஸ்தான் வெயிலில் ஓடி, வியர்த்து, உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், அதே மாத்திரையிலேயே அளவு ஏறும். முட்டி வலி என்று யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போவார். இவர் லித்தியம் சாப்பிடுவது தெரியாத மருத்துவர் புரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ கொடுப்பார். அளவு இன்னும் ஏறும். கை நடுங்கி டம்ளர் தண்ணீர் சிந்தும், வாந்தி, பேதி, நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். யூனிட் மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் இதில் ஒன்றுமே நடக்க வேண்டியதில்லை. முறையான ரத்தப் பரிசோதனையோடு எத்தனையோ பேர் பல வருஷங்களாக லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள்.

சரி, வேலை. ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்து எழுத்துகளில் குறிப்பார்கள். அதில் எஸ் என்பது மனநலம். சிகிச்சைக்குப் பிறகு கணவரின் எஸ் கேட்டகரி சில காலத்துக்கு இறங்கும். ஆயுதம் இல்லாத டூட்டி கொடுக்கலாம், உயரமான மலைப்பகுதிக்கோ தனித்த போஸ்ட்டுக்கோ அனுப்பாமல் வைக்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில் ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு பார்த்து, தேறியிருந்தால் ஏற்றலாம். பதவி உயர்வு தள்ளிப்போகலாம். சிலரை மெடிக்கல் போர்டு வழியாக வீட்டுக்கு அனுப்பவும் செய்கிறார்கள். அப்படி நடக்கவே நடக்காது என்று உங்களைத் தேற்றுவதற்காக நான் சொல்ல முடியாது.

ஆனால் மறைத்தால் என்ன ஆகும்? மேனியாவில் இருக்கிறவர் அதிகாரியைக் கைநீட்டி அடிக்கலாம், லீவு முடிந்தும் திரும்பாமல் எங்காவது கிளம்பிப் போகலாம். இரண்டும் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி குற்றம். நோய் என்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லாவிட்டால் அவர் நோயாளி அல்ல, குற்றவாளி. டிஸ்மிஸ் ஆகி வருகிறவருக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸும் பென்ஷனும் போகலாம். மெடிக்கல் போர்டு வழியாக வருகிறவருக்குப் பென்ஷன் கேட்க வழி இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள்.

வேலையைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. மேனியா வடிந்ததும் பலருக்குச் சோர்வு வரும். அப்போது கடனும் சண்டையும் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் அவர் கையில் டூட்டித் துப்பாக்கி இருக்கக் கூடாது. யூனிட்டுக்குச் சொல்ல வேண்டியதற்கு முதல் காரணமே இதுதான். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கடிதத்தின் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. தலைமுடி கொட்டுவதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். கண்ணேறு கழிப்பதால் கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தாமல் கழியுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் வருமா? மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் இந்த நோய் உள்ளவர்களின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. லித்தியம் பேட்டரியில் போடுகிற உலோகம் என்று பயமுறுத்தும் வீடியோவை அழித்துவிடுங்கள். மேனியாவுக்கு அது வேலை செய்வதை 1949-இல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் போய், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் கைதியாக இருந்தவர். பட்டாளத்துக்கு அந்நியமான மருந்தல்ல அது.

லீவு இன்னும் பத்து நாள் என்கிறீர்கள். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள், நேரே ராஜஸ்தான் ரயிலிலும் ஏற்றிவிடாதீர்கள். லீவில் இருக்கிற சிப்பாய் உடம்பு சரியில்லாதபோது பக்கத்து ராணுவ மருத்துவமனைக்குப் போகலாம். உங்களுக்குச் சென்னை, பெங்களூரு இரண்டும் எட்டுகிற தூரம்தான். லீவு சான்றிதழ், அடையாள அட்டை, வேலூர் மருத்துவரின் சீட்டு, அண்ணன் வாங்கிய மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு நீங்களே ஃபோன் செய்து சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு அவர் கத்தினாலோ அடித்தாலோ ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலூரிலேயே சேர்த்துவிட்டு யூனிட்டுக்குத் தகவல் கொடுங்கள். கூட இரண்டு ஆண்கள் வரட்டும். பைக் சாவியும் ஏ.டி.எம். கார்டும் உங்களிடமே இருக்கட்டும்.