இதயத்துக்கிட்ட கூடுதலா ஒரு சிரைன்னு எக்கோல வந்தா, ஆஞ்சியோ பண்ணித்தான் ஆகணுமா?

படபடப்புக்காக எக்கோ எடுத்த 34 வயசு வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். கொரோனரி சைனஸ் (இதயத்தோட சொந்தச் சிரை) பெருசா இருக்கு, இடது எஸ்விசிங்கற கூடுதல் பெரிய சிரை இருக்கலாம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்காம், கால் வழியா ட்யூப் விட்டுத்தான் உறுதி பண்ணணுமான்னு பயப்படறார்.

பெரும்பாலும் வேண்டாங்க. கருவுல எல்லாருக்குமே மேல் உடம்பு ரத்தத்தைக் கொண்டுவர ரெண்டு பக்கமும் பெரிய சிரை இருக்கும், அப்புறம் இடது பக்கத்துது சுருங்கிடும், ஆயிரத்துல மூணுலேர்ந்து அஞ்சு பேருக்கு சுருங்காம நின்னுடுது, அதான் இடது எஸ்விசி. அது இதயத்துக்குப் பின்னாடி இருக்கற கொரோனரி சைனஸ் வழியா வலது ஏட்ரியத்துக்குத்தான் (இதயத்தோட வலது மேல் அறை) பெரும்பாலும் வரும், கூடுதல் ரத்தம் ஓடறதால சைனஸ் விரிஞ்சு தெரியுது, அவ்ளோதான்.

இதுக்கு முதல்ல கேக்க வேண்டியது பபிள் எக்கோ. சலைனைக் கொஞ்சம் காத்தோட ரெண்டு சிரிஞ்சுக்கு நடுவுல வேகமா அடிச்சு நுரையாக்கி கை நரம்புல போடுவாங்க. இடது கைல போட்டா முதல்ல கொரோனரி சைனஸ் வெள்ளையாகி அப்புறம்தான் வலது ஏட்ரியம் நிறையும், வலது கைல போட்டா நேரா ஏட்ரியத்துக்குப் போயிடும். அவசரத்துல வலது கைல மட்டும் போட்டுட்டு நார்மல்னு எழுதினா இது தப்பிச்சுடும், அதனால "இடது கைலயும் போடுவீங்கல்ல"ன்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க, டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். இடது கைல போட்ட குமிழி நேரா இடது ஏட்ரியத்துல வந்தா மட்டும் விஷயம் வேற, பக்கவாத ஆபத்து இருக்கு, கார்டியாலஜிஸ்ட் தொடர்ந்து பாக்கணும்.

எக்கோல தெளிவா இல்லன்னா சிடி இல்ல எம்ஆர்ஐ. நுரையீரலோட இடது மேல் சிரை தடம் மாறி மேல போனாலும் சிடில கிட்டத்தட்ட இதே இடத்துல ஒரு குழாய் தெரியும், ஆனா அதுல ரத்தம் மேல போகும், இடது எஸ்விசில கீழ வரும். எம்ஆர்ஐல ஓட்டத்தோட திசையே தெரியும், கதிர்வீச்சும் கிடையாது, சந்தேகம்னா என் ஓட்டு அதுக்குத்தான்.

படபடப்புக்கு ஹோல்டர் (உடம்புல மாட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு பண்ற ஈசிஜி) தனியா பண்ணுங்க, எல்லாத்தையும் இந்த சிரை தலைல போடாதீங்க. ரிப்போர்ட் காப்பி ஒண்ணு போன்ல வெச்சுக்கோங்க, பின்னாடி பேஸ்மேக்கரோ சென்ட்ரல் லைனோ (பெரிய சிரைக்குள்ள விடற மெல்லிய குழாய்) இடது பக்கமா போட வந்தா, ஒயர் எதிர்பாராத வழில போகும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.