ஜெராமில் சேறு மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு

செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஞாயிறு காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கும் குழு அவர்களுடையது, மொத்தம் 14 பேர், ஒன்பது வயதுப் பிள்ளை முதல் எழுபதைத் தொட்ட தாத்தா வரை. ஏரியில் மீன்கொத்தியும் நாரையும் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, டிசம்பரில் வேன் எடுத்துக்கொண்டு ஜெராம் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். வழியில் பசியாறிவிட்டுப் போய்ச் சேர மணி பதினொன்று. கண்ணுக்கு எட்டிய வரை சேறு, எங்கோ தொலைவில் சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். பிள்ளைகள் சலித்துப்போனார்கள், இறங்கிப் பார்க்கலாம் என்று போன ஒருவரின் சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. “நாங்கள் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தோமா? எப்போது போக வேண்டும், என்ன வாங்க வேண்டும், இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அப்புறம், அந்த வெள்ளைப் புள்ளிகள் என்னவாக இருக்கும்?” என்று கேட்கிறார்.

இடம் சரியான இடம்தான். மாதமும் சரி. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கமிருந்து வரும் உள்ளான், உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவைகள் சிலாங்கூர் கரையோரச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. நீங்கள் போன நாளிலும் அங்கே ஏராளமான பறவைகள் இருந்திருக்கும், உங்களுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை என்பதுதான் விஷயம். ஏரிக்குப் போகிறவர் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், கடலுக்குப் போகிறவர் கடல்நீரின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. உங்கள் கேள்விக்கு என் பதிலில் முக்கால் பங்கு இது ஒன்றுதான்.

மலாய்க்காரர்கள் பாசாங், சூருட் என்று சொல்வார்களே, அதே ஏற்றமும் வற்றமும்தான். நம் மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். கரை மிகவும் தட்டையாக இருப்பதால் வற்றும்போது நீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். உள்ளான்களுக்கு வேண்டிய புழுவும் நண்டும் ஈரச் சேற்றில் மேலாகவே கிடைக்கும், அதனால் அவை நீரின் விளிம்பை ஒட்டியே நடந்துகொண்டிருக்கும். நீர் உள்ளே போனால் அவையும் உள்ளே போகும், நீர் ஏறினால் விளிம்போடு சேர்ந்து உங்களை நோக்கி வரும். முழு ஏற்றத்தில் சேறு முழுவதும் மூழ்கிவிட்டால் எல்லாம் எழும்பி, மேடான ஏதாவது இடம் பார்த்து ஓய்வெடுக்கப் போய்விடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது முழு ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம். இரண்டரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, இருக்கிற இடத்துக்கு அவை வரும். முதலில் புள்ளிகளாகத் தெரிந்தவை அரை மணியில் கால்களோடு தெரியும், இன்னும் அரை மணியில் மூக்கின் வளைவு தெரியும், கடைசியில் ஒரு சின்னக் கோட்டான் (ஆந்தையைச் சொல்லவில்லை, கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்குள்ள கரைப்பறவை) நண்டைப் பிடித்து உதறி உதறிக் கால்களைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நேராகப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த பிள்ளையை அடுத்த தடவை நீங்கள் அழைக்க வேண்டியதில்லை, அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிலாங்கூர் கரை மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். பிற்பகலில் நம் ஊர் மழையும் இடியும் வேறு, திறந்த கரையில் பிள்ளைகளோடு நிற்கிற நேரம் அது இல்லை. எனவே முழு ஏற்றம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வருகிற நாளைத்தான் தேட வேண்டும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் இந்த நேரம் சனி ஞாயிறில் வந்து அமைவது மாதத்தில் ஒன்றோ இரண்டோ முறைதான். முதலில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ப வேன் பேசுங்கள். வேன் கிடைத்த நாளில் கடலைப் பார்க்கப் போனால் மறுபடியும் சேறுதான்.

வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்குகிறதா? அது இதற்கு நன்றாக உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருவது பெரிய ஏற்றம், அஷ்டமியை ஒட்டி வருவது சின்ன ஏற்றம். கிள்ளான் துறைமுகப் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் முழு ஏற்றம் பெரும்பாலும் விடியற்காலையிலும் மாலையிலும் வரும், பிறகு நாளுக்கு நாள் தள்ளிப்போய்ப் பஞ்சமி, சஷ்டி வாக்கில் காலை ஒன்பது பத்து மணியைத் தொடும். அஷ்டமி நவமிக்குப் போனால் நீர் அரைகுறையாகத்தான் ஏறும், பறவைகள் தூரத்திலேயே நின்றுவிடும். சரி, நாள்காட்டி ஓர் உத்தேசத்துக்குத்தான், தேதியை முடிவு செய்யும் முன் கிள்ளான் துறைமுகத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையில் மணியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், கைப்பேசியிலேயே கிடைக்கும்.

நேரம் பொருந்தவே இல்லை, ஆனால் எல்லோரும் லீவு போட்டாயிற்று என்றால் கடலை விட்டுவிட்டுத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் போங்கள். உழுது நீர் கட்டியிருக்கும் பருவத்தில் கொக்குகளும் உள்ளான்களும் ஆலாக்களும் டிராக்டருக்குப் பின்னாலேயே வரும். ஏற்றவற்றக் கவலை கிடையாது. புத்ராஜெயா ஈரநிலப் பூங்காவும் அப்படித்தான், ஏரிக்குள் வரும் நீரை வடிகட்டுவதற்காக 1990களின் பிற்பகுதியில் சுமார் 200 ஹெக்டர் பரப்பில் உருவாக்கியது. செந்நாரை, சாம்பல் நாரை, நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி என்று நிதானமாகப் பார்க்கலாம், பெரியவர்களுக்கு நடக்கப் பாதையும் நன்றாக இருக்கும். கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் கண்டல் காடும் (கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு) உண்டு, உட்புற ஏரியும் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன், அங்கே குரங்குகள் இருக்கின்றன, சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தொலைநோக்கி. பதினான்கு பேருக்குப் பதினான்கு வாங்க வேண்டாம். 8x42 என்று எழுதியிருக்கும் இருகண் தொலைநோக்கி நான்கு போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் காட்டுவார், ஆசைப்படாதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும், புதிதாகப் பார்க்கிறவருக்குப் பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. பிள்ளைகளுக்கு 8x30 போன்று எடை குறைந்தது நல்லது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும், இதைச் சொல்லிக்கொடுக்காததால் “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

கடற்கரைக்கு உண்மையில் வேண்டியது முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. 20 முதல் 60 மடங்கு வரை காட்டும். விலை கூடியது, ஆளுக்கு ஆள் போட்டுக் குழுவுக்கு ஒன்று வாங்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் இன்றும் இயங்குகிறது, அதன் சிலாங்கூர் கிளைப் பறவை ஆர்வலர்களோடு ஒரு நடைக்குப் போய்ப் பாருங்கள். அனுபவசாலிகள் தங்கள் தொலைநோக்கியில் பறவையைப் பிடித்து வைத்து, வாருங்கள் பாருங்கள் என்று அழைப்பார்கள். எதைப் பார்த்து அது இன்ன பறவை என்று சொல்கிறார்கள் என்பதை அங்கே இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொள்வதைத் தனியாக ஒரு வருடம் சுற்றினாலும் கற்க முடியாது.

ஆள் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். ஏரிக்கரையில் பதினான்கு பேர் பரவாயில்லை, ஓடுகிறவர்களையும் மிதிவண்டிகளையும் பார்த்துப் பழகிய பறவைகள் அவை. கடற்கரையிலும் கண்டல் நடைபாலத்திலும் இரண்டாகப் பிரியுங்கள், ஏழு ஏழு பேர். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், பிள்ளைகள் நடுவில் இல்லாமல் முன்னவருக்குப் பின்னாலேயே வரட்டும், ஏனென்றால் ஏழாவது ஆள் வந்து சேரும்போது பறவை போயிருக்கும். வாயை மூடச் சொல்லிக் கண்டிப்பதைவிட உட்கார வைப்பது எளிது. மடக்கு நாற்காலி, குடை, தண்ணீர், உட்கார்ந்துவிட்டால் பேச்சு தானாகக் குறையும். கையை நீட்டிச் சட்டென்று காட்டாதீர்கள், “அந்த மரக்கட்டைக்கு வலது பக்கம், இரண்டு கை தள்ளி” என்று சொல்லிப் பழகுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவே வேண்டாம்.

சேற்றில் ஒருபோதும் இறங்காதீர்கள். சப்பாத்து போனால் வாங்கிக்கொள்ளலாம், இடுப்பு வரை புதைந்தால், அதுவும் நீர் ஏறுகிற நேரத்தில், அது உயிர்ப் பிரச்சினை. பறவைக்கும் அதில் கெடுதி. கூட்டத்தில் நாலைந்து தலை நிமிர்ந்து மேய்வதை நிறுத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள். எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பட்டைவால் மூக்கான் என்று ஒரு பறவை நம் கரைக்கும் வரும். அந்த இனத்தில் ஓர் இளம் பறவை 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் பதினொரு நாள் பறந்தது, சுமார் 13,560 கிலோமீட்டர், உடம்பில் பொருத்திய கருவி பதிவு செய்தது. அது பசிபிக் கடல் வழி, நம் கரைக்கு வருபவை வேறு வழி, ஆனால் கணக்கு ஒன்றுதான். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்குப் பெட்ரோல். நாம் ஒரு தடவை விரட்டினால் அதில் கொஞ்சம் வீணாகிறது, ஒரே காலையில் நாலு குழு விரட்டினால் எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் செயலி உதவும், இலவசம்தான், படத்தையும் குரலையும் வைத்து இன்னதாக இருக்கலாம் என்று சொல்லும். ஏரியில் நன்றாக வேலை செய்யும், கடற்கரையில் தொலைவில் எடுத்த மங்கல் படத்தை வைத்து அது சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பார்த்ததை ஈபேர்ட் செயலியில் இடம், நேரம், எண்ணிக்கையோடு பதியுங்கள். உங்கள் குழுவில் எழுதப் பிடித்த பிள்ளை ஒன்று இருக்கும், அந்த வேலையை அதனிடம் கொடுங்கள். கொஞ்சம் கை பழகியதும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம், 1987இல் தொடங்கியது, எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான்.

கடைசியாக அந்த வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவு தொலைவில் வெள்ளையாகத் தெரிந்தது என்றால் பெரும்பாலும் கொக்குகள். உள்ளான்கள் சேற்று நிறத்திலேயே இருப்பதால் அந்தத் தூரத்தில் கண்ணுக்கே தட்டுப்பட்டிருக்காது. அடுத்த முறை நீர் ஏறிக் கொக்கு அருகில் வரும்போது முதலில் கழுத்தைப் பாருங்கள். நடுவில் முடிச்சுப் போட்டாற்போல் ஒரு மடிப்பு இருந்து, வாயின் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் அது பெரிய கொக்கு. உருவம் சின்னதாக, மூக்கு மெலிந்து கறுப்பாக இருந்து, சேற்றில் ஓடி ஓடி மீனை விரட்டினால் சின்னக் கொக்கு, அது காலைத் தூக்கும்போது பாதம் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக, இறக்கை விரித்தால் ஓரம் முழுக்கக் கறுப்பாக, மூக்கு தடித்து மஞ்சளாக ஒன்று நின்றால் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கிட்டே கூப்பிடுங்கள், அது ஸ்டோர்க் எனப்படும் நாரை இனம் (ஏரியில் பார்க்கும் நாரை வேறு), அழிவின் விளிம்பில் இருக்கும் பால்நிற நாரையாகவும் இருக்கலாம். முகத்தில் சிறகில்லாத இடம் என்ன நிறம், நெஞ்சில் கறுப்புப் பட்டை உண்டா இல்லையா, இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.