சுழியமா, ஓ-வா?

கேள்வி: என் பிட்காயின் முகவரியைப் பழைய நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். 1-ல் தொடங்கி 34 எழுத்து. நடுவில் ஓரெழுத்து வட்டமாக இருக்கிறது. சுழியமா, பெரிய ஓ-வா? மகன் அதற்குப் பணம் அனுப்பப் போகிறான். தப்பாக அடித்தால் வேறு யாருக்காவது போய்விடுமா? (அந்தப் பக்கத்தின் நகல் இணைத்துள்ளேன்.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டுமே இல்லை. 1-ல் தொடங்கும் முகவரியில் சுழியமும் வராது, பெரிய ஓ-வும் வராது. கண்ணை ஏமாற்றும் என்று, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ இவற்றோடு பெரிய ஐ, சின்ன எல் இரண்டையும் தூக்கிவிட்டார். பத்து எண்கள், ஆங்கிலப் பெரிய, சின்ன எழுத்துகள் எல்லாம் சேர்ந்து 62. அதில் நான்கு போக 58, அதுதான் பேஸ்58 என்ற எழுத்து முறை. கூட்டல் குறி, சாய்கோடு போன்றவையும் கிடையாது. இரட்டைக் கிளிக்கில் முகவரி முழுதும் தேர்வாக வேண்டும், மின்னஞ்சலில் வரி உடையக் கூடாது என்று தன் நிரலிலேயே காரணம் எழுதியிருக்கிறார். வங்கிக் கவுன்டரில் சலான் கிறுக்கல்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த மனிதரை அதற்காகவே பிடிக்கும்.

நகலைப் பார்த்தேன். உங்கள் சின்ன எழுத்துகளின் உயரம்தான் இந்த வட்டத்துக்கும். சின்ன ஓ என்பேன். ஒத்துவராவிட்டால் 6, பிறகு வால் தேய்ந்த பெரிய க்யூ.

தாராளமாக அடித்துப் பார்க்கலாம். முகவரிக்குள் இருப்பது 25 பைட்: வகையைச் சொல்ல 1, பொதுச் சாவியிலிருந்து (வெளியே காட்டக்கூடிய சாவி) கணக்கிட்டு வந்த சுருக்கமான ஹாஷ் 20, சரிபார்ப்புக்கு 4. முதல் 21 பைட்டை ஷா-256 என்ற ஹாஷ் கணக்கில் இருமுறை போட்டு, வருவதில் முதல் 4 பைட்டை வாலில் ஒட்டுகிறார்கள். பிறகு மொத்தத்தையும் ஒரே பெரிய எண்ணாக வைத்து 58-ஆல் வகுத்துக்கொண்டே போனால், மீதி ஒவ்வொன்றும் ஓரெழுத்து. முன்னால் நிற்கும் சுழிய பைட்டுகள் வகுத்தலில் காணாமல் போகுமே? அவை ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு 1. உங்கள் முகவரியில் வகையைச் சொல்லும் பைட் சுழியம்; முதல் எழுத்து அப்படி வந்ததுதான்.

வாலட், அதாவது பிட்காயின் அனுப்பும் செயலி, இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஏற்காது. தப்பான முகவரி தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு சுமார் 429 கோடியில் ஒன்று. ஆனால் இது பேனாப் பிழையைத்தான் பிடிக்கும், திருடனை அல்ல. காப்பி செய்த முகவரியை பேஸ்ட் செய்வதற்குள் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. திருடனின் முகவரியும் கணக்குப்படி சரியாகவே இருக்கும். அனுப்புமுன் மகனைத் திரையில் முழுதும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பிசி1 (bc1) என்று தொடங்கும் புதுவகை முகவரிக்கு, 2017-ல் வந்த பெக்32 முறை. அங்கே சட்டம் தலைகீழ்: அந்த 1-க்குப் பிறகு ஓ வராது, சுழியம் வரும்.

இன்னொன்று. அதே நோட்டில் 5-ல் தொடங்கி 51 எழுத்தோ, பெரிய கே அல்லது எல்-லில் தொடங்கி 52 எழுத்தோ இருந்தால் அது முகவரி அல்ல, பணத்தை எடுக்க உதவும் ரகசியச் சாவி. அதுவும் பேஸ்58-தான். அந்தப் பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்பிவிடாதீர்கள்.