நிலநடுக்கத்துக்குப் பிறகு கிராமங்களில் அரசே வீடு கட்டித் தர வேண்டுமா, பணம் கொடுத்தால் போதுமா?

"பணத்தைக் கையில் கொடுத்தால் வேறு எதற்காவது செலவாகிவிடும், அரசே கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் பதில். ஆனால் தவணை தவணையாக. அடுத்த தவணைக்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் நேரில் வந்து சுவரைப் பார்த்தாக வேண்டும்.

2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு, சிவில் இன்ஜினியரிங் படிப்பு முடித்த கையோடு ஒரு தன்னார்வக் குழுவுடன் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தேன். இந்த எண்ணம் அங்கே வந்ததுதான்.

அதற்கு முன்பு 1993 செப்டம்பர் 30 அன்று விடியும் முன்னே மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி குலுங்கியது. மண் சாந்தில் கட்டிய தடித்த கல் சுவர்களும் பாரமான மண் கூரைகளும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்தன. அரசு 52 கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. அக்கறையில் குறையில்லை. ஆனால் நகரத்து மனைப்பிரிவு மாதிரி கட்டம் கட்டமாகப் போட்ட ஊரில் விவசாயி எப்படி வாழ்வார்? வயல் தூரமாகிவிட்டது, அக்கம்பக்கத்து உறவும் கலைந்துபோனது.

குஜராத்தில் அரசு வேறு வழியில் போனது. சேதத்தின் அளவைப் பார்த்து வங்கிக் கணக்கில் மூன்று தவணையாகப் பணம், வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள வேண்டும், பொறியாளர் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. இப்படி 2 லட்சம் வீடுகளுக்கு மேல் புதிதாக எழுந்தன. பழுது பார்த்தவை 9 லட்சம் வரும்.

அந்தச் சான்று ஏன் முக்கியம் என்பதற்கு நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். சுவர் ஜன்னல் உயரம் வந்து, லிண்டல் பெல்ட்டுக்கு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே எல்லாச் சுவரையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டைக்கு, கம்பி கட்டியிருந்தார்கள். மூலைக்குப் போய்ப் பார்த்தால், ஒரு சுவரின் கம்பி அந்த மூலையோடு நின்றுவிட்டது, அடுத்த சுவருக்கு வேறு கம்பி. பெல்ட் என்பது வீட்டுக்கு அரைஞாண் கயிறு மாதிரி. நாலு மூலையிலும் முடிச்சு அவிழ்ந்து கிடந்தால் அது எதைப் பிடிக்கும்? "முப்பது வருஷமா இப்படித்தான் கட்டறேன்" என்றார் மேஸ்திரி, எனக்குப் புரியட்டும் என்று மெதுவான இந்தியில். நானும் அவரும் உட்கார்ந்து கம்பியை மூலையில் வளைத்து, அடுத்த சுவருக்குள் நீளமாக ஓடவிட்டுக் கட்டினோம். இரண்டு நாள் கழித்து அவர் இன்னொரு வீட்டில் வேறொரு கொத்தனாருக்கு அதையே காட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் வந்து கட்டி முடித்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பாடம் ஊரில் தங்கியிருக்காது.

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் மூன்று வாரம் வராததால், நாங்கள் இருந்த ஊரில் பல வீடுகள் அரைச் சுவரோடு நின்றன. குழந்தைகள் தார்ப்பாய்க்கு அடியில் வெயிலில் கிடந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் தண்ணீரும் பாதையும். பேச்செல்லாம் வீட்டைப் பற்றியே இருக்கும், ஆனால் பெல்ட் கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது க்யூரிங் வேண்டும், அதாவது தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அதை யார் ஊற்றுவார்கள்? கட்ச்சில் சாங், டப்பர், சிவ்லகா போன்ற மண் அணைகள் பிளந்தன. வறட்சியால் அவற்றில் நீர் குறைவாக இருந்ததால்தான் வெள்ளம் வரவில்லை. அடுத்த மழைக்குள் அவற்றைச் சரிசெய்வது வீடு கட்டுவதற்குச் சமமான அவசரம்.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 பூகம்பத்துக்குப் பின் பல மலைக் கிராமங்களில் ஊற்றுகளே வற்றிவிட்டன. அங்கே வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் என்று முடிவானது: முதலில் 50,000, பிறகு 1,50,000, கடைசியில் 1,00,000. ஆனால் அதற்கான ஆணையம் செயலுக்கு வந்ததே டிசம்பரில். ஒரு மழைக்காலத்தை மக்கள் தகரத்துக்கு அடியில் கழித்துவிட்டார்கள். மலைப்பாதை சரிந்த ஊருக்கு சிமென்ட் மூட்டை முதுகில்தான் ஏற வேண்டும். சான்று கொடுக்க வேண்டிய பொறியாளரும் அதே பாதையில்தான் ஏறி வரவேண்டும். அதனால் என்னைக் கேட்டால் முதல் மாதத்துச் செலவு பாதைக்கும் குடிநீருக்கும்தான்.

பணமாகக் கொடுக்கும் முறையில் விடுபடுகிறவர்கள் பத்திரம் இல்லாதவர்கள். கட்ச்சில் நாங்கள் இருந்த ஊரில் ஒரு அம்மா, கணவர் இறந்து பல வருஷம் ஆகியும் மனை கணவரின் அண்ணன் பெயரிலேயே இருந்தது. பெரியவர்கள் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அந்த அம்மா பெயரில் முதன்முதலாக ஒரு வங்கிக் கணக்கு திறந்தோம். அவருக்கு முதல் தவணை வந்த அன்று பக்கத்து வீடுகளில் கூரை ஏறிக்கொண்டிருந்தது.