மிட்டாய் ரேஷனும் ஒரு வெயில் நாளும்

வணக்கம் சார்,

நான் பர்ன்லியில் இருக்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில், ஒரு காலத்தில் பருத்தி நெசவுக்குப் பேர்போன ஊர். கணவரின் வேலைக்காக வந்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் 85 வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார், அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். வந்தால் பேச்செல்லாம் சின்ன வயசுக் கதைதான். கேட்கக் கேட்க ஆசையாக இருந்ததால் ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன்.

போன மாதம், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மிட்டாய்க்கு ரேஷனை எடுத்த நாளைப் பற்றிச் சொன்னார். நல்ல வெயிலாம், கோட்டுகூடப் போடாமல் ஓடிப்போய் வரிசையில் நின்றார்களாம், இவர் முறை வருவதற்குள் கடையில் ஜாடியெல்லாம் காலி. அவர் போனபிறகு இணையத்தில் தேடிப்பார்த்தேன். ரேஷன் முடிந்தது 1953 பிப்ரவரி 5 என்று இருக்கிறது. பிப்ரவரியில் இந்த ஊரில் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பதற்குக்கூட யாரும் கோட்டு இல்லாமல் போகமாட்டார்கள்!

அப்படியென்றால் இத்தனை நாள் நான் எழுதியதில் எது நிஜம்? இங்கே நூலகத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் "ஏழையாக இருந்தோம், சந்தோஷமாக இருந்தோம், கதவைப் பூட்டியதே இல்லை" என்றுதான் வருகிறது. இதெல்லாம் வரலாறா, வெறும் ஏக்கமா? இன்னொன்று, இது என் ஊரும் இல்லை. நான் எதற்கு எழுதவேண்டும் என்றும் தோன்றுகிறது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் பெரியவரிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

பிரிட்டனில் மிட்டாய் ரேஷன் இரண்டு தடவை முடிந்தது. 1942 ஜூலையில் தொடங்கியதை 1949 ஏப்ரல் 24 அன்று எடுத்தார்கள். ஏழு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஜனம். பெரும்பாலான காலம் ஓர் ஆளுக்கு நாலு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம், அதையும் கடைக்காரர் கத்தரியை எடுத்து ரேஷன் புத்தகத்திலிருந்து கூப்பனை வெட்டிக்கொண்டுதான் கொடுப்பார். கட்டுப்பாடு போனதும் கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தயாரிப்பு ஈடுகொடுக்கவில்லை, சர்க்கரையே இன்னும் ரேஷனில்தான் இருந்தது. ஆகஸ்டில் பழையபடி மிட்டாய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. 1953 பிப்ரவரியில்தான் ஒரேயடியாக ஒழிந்தது. கிழக்குக் கடற்கரையில் பெருவெள்ளம் வந்து 300 பேருக்கு மேல் செத்துப்போன சில நாட்களில், நல்ல குளிரில். இணையத்தில் தேடினால் இந்த இரண்டாவது தேதிதான் முதலில் வந்து நிற்கிறது, நிலைத்துவிட்ட முடிவு அதுதானே. நாலு மாதத்தில் பிசுபிசுத்துப்போன முதல் முடிவை, அன்றைக்கு வரிசையில் நின்றவர்களைத் தவிர யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

வெயில், கோட்டு இல்லாத ஓட்டம், காலி ஜாடி, மூன்றுமே 1949க்குப் பொருந்துகின்றன. குறிப்பாகக் காலி ஜாடி. 1953இலும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்தான், ஆனால் அந்தத் தடவை சரக்கு தாக்குப்பிடித்தது.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அவருக்கு இப்போது 85 என்றால் 1949இல் எட்டோ ஒன்பதோ வயது, 1953இல் பன்னிரண்டு பதின்மூன்று. அங்கே 11 வயதில் பள்ளி மாறிவிடும். அதனால் "எந்த வருஷம் அது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அவரும் எங்கேயோ படித்த 1953ஐத்தான் சொல்வார், அதோடு வெயிலையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். "அப்போது எந்தப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள், வகுப்பில் யார் டீச்சர்?" என்று கேளுங்கள். வருஷம் தானாக வந்து விழும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு குளிர்காலம் லங்காஷயரிலேயே ப்ரெஸ்டனில் இருந்தேன். அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியைப் போய்ப் பார்ப்பேன், உங்கள் ஊர்க்காரர், அம்மா அப்பா இரண்டு பேரும் நெசவாளிகள். வேக்ஸ் வாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் பெரியவரும் சொல்லியிருப்பார், கோடையில் ஒரு வாரம் ஊரிலுள்ள எல்லா மில்லையும் ஒட்டுமொத்தமாக மூடுவார்கள், பாய்லரைச் சுத்தம் செய்வார்கள், ஜனங்கள் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். நாம் அரிசி பருப்பு கொண்டுபோகிற மாதிரி, பிளாக்பூல் தங்குமிடத்தில் இவர்கள் மாமிசமும் முட்டையும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுக்க, வீட்டுக்கார அம்மாள் குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே சமைத்துப் போடுவாராம். அந்தப் பாட்டி, "லீவு விடும்போது மில்லில் அப்பாவுக்கு அந்த வாரச் சம்பளத்தையும் கையில் கொடுத்தே அனுப்புவார்கள், மேஜையில் வைத்து எண்ணுவார்" என்றார். நான் அப்போது நிறையப் படித்திருந்தேன், அதுதான் வினை. "இல்லையே, சம்பளத்தோடு விடுமுறை என்கிற சட்டமே 1938இல்தானே வந்தது, அப்போது நீங்கள் பெரிய பெண்ணாயிற்றே" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

மேஜையில் எண்ணப்பட்ட பணம் நிஜம். அது சம்பளம் இல்லை, வருஷம் பூராவும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம். விடுமுறைக்கென்றே மில்லிலும் தேவாலயத்திலும் இப்படி சேமிப்புக் குழுக்கள் இருந்தன, லீவுக்கு முன்னால் மொத்தமாகக் கையில் கொடுப்பார்கள். ஏழு வயதுப் பெண்ணுக்கு அப்பா கையில் இருக்கிற பணமெல்லாம் சம்பளம்தான். அவர் கண்ணால் பார்த்ததில் ஒரு பிசகும் இல்லை, பார்த்ததற்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்ட விளக்கம்தான் பிசகு. நான் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டேன்.

அதே பாட்டி இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிளாக்பூல் போகக் காசு தேறாத வருஷம் வீட்டிலேயே இருந்துவிடுவார்களாம், அந்த வாரம் மட்டும் பெண்டில் மலை அவர்கள் தெருமுனை வரைக்கும் வந்து நிற்குமாம். குழந்தைக் கற்பனை என்று எழுதி ஓரத்தில் ஒரு கோடு போட்டுவைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. புகைபோக்கிகள் ஒரு வாரம் ஓய்ந்தால் காற்று தெளியும், காற்று தெளிந்தால் மலை தெரியும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அந்தப் பெண்ணுக்குக் கரிப்புகைக்குப் பின்னால் ஒரு மலை இருப்பதே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். காற்றுத் தூய்மைச் சட்டம் 1956இல் வந்தது, அதற்கு முன் எவ்வளவு புகை இருந்தது என்று சொல்ல எத்தனையோ அறிக்கைகள் இருக்கின்றன. எனக்கு அந்தப் புகை புரிந்தது பாட்டியின் மலையால்தான்.

சரி, ஞாபகத்தை நம்பவேண்டாம், ஆவணத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பீர்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு விவரங்களை நூறு வருஷம் பூட்டிவைப்பார்கள். 1921க்கானது 2022 ஜனவரியில் திறந்தது. அடுத்தது 1931தானே? அது எரிந்துபோயிற்று, 1942 டிசம்பரில், லண்டன் பக்கம் ஹேயஸில் ஒரு கிடங்கில் பிடித்த தீயில். குண்டு விழுந்து என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, சாதாரணத் தீ விபத்து. 1941இல் போர், கணக்கெடுக்கவே இல்லை. 1951க்கு 2052 வரை காத்திருக்கவேண்டும். நடுவில் மிச்சம் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான். அதை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள், யார் நெசவாளி, யார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, யார் வீட்டு வேலை என்று வரிசையாக இருக்கும். பல வீடுகளில் பெற்றோருக்குக் கீழே சில வரிகள் மட்டும் கறுப்புப் பட்டை போட்டு மூடியிருக்கும். அவைதான் குழந்தைகள். பிறந்து நூறு வருஷம் ஆகாதவர்கள், இறந்தது பதிவாகாவிட்டால், அப்படியே மூடியிருப்பார்கள்.

அதாவது உங்கள் பெரியவருடைய அக்கா அண்ணன் யாராவது அதில் இருந்தால், அரசாங்கத்தின் கணக்கில் இன்றைக்கு அவர்கள் வெறும் கறுப்புப் பட்டையாக இருக்கலாம். அந்தப் பட்டைக்கு அடியில் யார், எப்படி இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் டீ குடிக்கிறார்.

அந்தக் காலத்து வாழ்க்கையில் எழுத்தில் ஏறாதது நிறைய. பர்ன்லியில் முதல் உலகப்போருக்கு முன்னால் தறிகள் மட்டும் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தன. ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது, அதனால் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அதற்கு மீ-மாயிங் என்று பேர். ஹார்ல் சைக்கில் குயின் ஸ்ட்ரீட் மில் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1982 வரை நீராவியில் ஓடிய மில், அங்கே தறியை ஓட்டிக்காட்டுகிற நாளாகப் பார்த்துப் போனால் காது புரிந்துகொள்ளும். ஆனால் இந்த அம்மாக்கள் வீட்டுக்கு வந்தும் அப்படியே பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காரியோடு, பிள்ளைகள் காதில் விழக்கூடாத சமாச்சாரம் என்றால் குரலை விழுங்கிவிட்டு வெறும் வாயசைப்பு. அதை மேஜைக்கு அடியிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும். உங்கள் பெரியவரை அவர் அம்மா மாதிரி பேசிக்காட்டச் சொல்லுங்கள்.

இனி ஏக்கம். நீங்கள் எரிச்சல்படுவது நியாயம்தான், எனக்கும் அந்தப் பூட்டாத கதவைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. திருட என்ன இருந்தது அங்கே? 12 வயதுப் பிள்ளைகள் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு மில், மத்தியானம் பள்ளிக்கூடம், மறுவாரம் அதையே மாற்றி, என்று அரைநேரத் தொழிலாளிகளாக இருந்தார்கள், 1918 கல்விச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை இழுப்பார்கள், ஒரே நாடா பல வாய்களுக்குப் போகும். "நாடாவுக்கு முத்தம்" என்று அழகாகப் பேர் வைத்திருந்தார்கள், அந்த முத்தம் லங்காஷயரில் 1952 வரை தடைசெய்யப்படவில்லை. சந்தோஷமாக இருந்தோம் என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள், "நாடாவை உறிஞ்சிய உங்கள் பாட்டிக்கு முன்பல் இருந்ததா?" என்று கேளுங்கள். பதில் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்காது. அதற்காக அந்தப் புத்தகங்களையும் தூக்கி எறியவேண்டாம், முன்னுரையை விட்டுவிட்டு நடுவில் கடைப் பெயர்கள், சந்துப் பெயர்கள் வருகிற பக்கங்களைப் படியுங்கள். பாதிப் பேர் அதை எழுதியதே யாரும் கேட்காததால்தான்.

உங்கள் ஊர் இல்லை என்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, சொல்லப்போனால் வசதி. அந்தக் காலத்தில் வாசற்படி ஓரத்தை டாங்கி ஸ்டோன் என்ற கல்லால் தேய்த்து வெளுப்பாகக் கோடு போடுவார்கள், பழைய துணி வாங்க வருகிற வண்டிக்காரன் துணிக்குப் பதிலாகக் கொடுக்கிற கல் அது. இதைப் பற்றி அவருடைய பேரனுக்குக் கேட்கத் தோன்றாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ள வெட்கம் வேறு. நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். (லங்காஷயர் என்றதும் 1931இல் காந்தி டார்வனுக்கு வந்ததை இழுக்காத இந்தியர் கிடையாது. மில் பெண்கள் அவரைச் சுற்றி ஆரவாரம் செய்கிற அந்தப் படத்தைக் காட்டினால் உங்கள் பெரியவரும் மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்வார். அதில் நேரத்தைப் போக்கவேண்டாம்.)

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் உள்ளதை எடுங்கள், ஒவ்வொரு வீடும், பின்கட்டும், கழிப்பறைக் கொட்டகையும் தனித்தனியாகத் தெரியும். உங்கள் தெரு இருக்கிற பகுதியைப் பெரிய தாளில் அச்செடுத்து வெள்ளிக்கிழமை டீ மேஜையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருங்கள். வருஷம் மறந்தவர்கள்கூட விரலை வைத்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், இங்கே திரும்புவோம், இது ரொட்டிக் கடை, இந்தச் சந்தில் நாய் இருக்கும், சுற்றிப் போவோம், என்று. விரல் மிட்டாய்க் கடையில் நிற்கும்போது பள்ளிக்கூடக் கேள்வியைக் கேளுங்கள்.

பதிலை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த மிட்டாய்க்காக ஓடினார் என்பதையும் சேர்த்து, அதை நீங்கள் கேட்க மறந்துவிட்டீர்கள்.