பேட்டரி கம்ப்ரசரா, பேட்டரி நெயில் கன்னா? தச்சு வேலைக் கேள்வி பதில்

மின் இணைப்பு இல்லாத இடத்தில் நெயில் கன்னால் ஆணி அடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் கம்ப்ரசரில், அழுத்திய காற்றால் ஆணி அடிக்கும் காற்று கன்னை மாட்டலாம். அல்லது பேட்டரியைத் தன்னிடமே கொண்ட நெயில் கன்னை வாங்கலாம். இரண்டில் எது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. கேஜ் என்று வருவது ஆணியின் தடிமனைச் சொல்லும் எண், எண் கூடினால் ஆணி மெல்லிசு.

கேள்வி: அண்ணா, என்னிடம் 18 கேஜ், 16 கேஜ் காற்று கன்களும், ஊசி போன்ற மெல்லிய ஆணி அடிக்கும் ஒரு ‘பின்’ கன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. பெரிய கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதுதான் தொல்லை. மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பேட்டரி கன் வாங்கலாமா?

ஒதுக்காதீர்கள். காற்று கன்னுக்குள் இருப்பது ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், ஆணியைத் தள்ளும் பிளேடு, காற்றுக் கசியாமல் தடுக்கும் சில ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), அவ்வளவுதான். வேலை தொடங்கும் முன் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு வந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே பேட்டரி கம்ப்ரசர் உங்கள் மூன்று கன்களுக்கும் உயிர் கொடுக்கும். அவற்றுக்கு ஈடாக மூன்று பேட்டரி கன்கள் வாங்கினால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

இன்னொன்று, எடை. 18 கேஜ் காற்று கன் ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். அதே வேலைக்கான பேட்டரி கன் பேட்டரியோடு சேர்த்து 3 கிலோவை ஒட்டி வரும். கம்ப்ரசரின் எடையைத் தரை சுமக்கிறது, பேட்டரி கன்னின் எடையை உங்கள் தோள் சுமக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூரையோர மரப்பட்டி அடிக்கும் நாளில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். காற்று கன்னின் மூக்கும் ஒல்லி. அலமாரியின் உள்மூலையில் ஆணி எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பார்த்து அடிக்கலாம்.

கேள்வி: அந்தச் சின்ன டாங்க் எத்தனை ஆணிக்குத் தாங்கும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பேட்டரி கம்ப்ரசர்களின் டாங்க் பெரும்பாலும் 4 முதல் 8 லிட்டர். உச்ச அழுத்தம் 9 பாரை ஒட்டி, இன்னோர் அலகில் சொன்னால் 130 பி.எஸ்.ஐ. அளவில். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள வெளிக்காற்றின் அழுத்தம். 8 லிட்டர் டாங்கில் அழுத்தம் 9 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும் வரை அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். 8 பெருக்கல் 3, ஆக 24 லிட்டர் வெளிக்காற்றுக்குச் சமமான காற்று உங்களுக்குக் கிடைக்கிறது. 18 கேஜ் கன் ஓர் ஆணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஆக, மோட்டார் ஓடாமலே 25 முதல் 50 ஆணி. அதற்குள் பம்ப் தானாக ஓடி நிரப்பத் தொடங்கிவிடும். அளந்து, வைத்து, இரண்டு ஆணி அடித்து அடுத்த துண்டுக்குப் போகும் மரப்பட்டி வேலையில் காத்திருக்க வேண்டியதே வராது.

பேட்டரியைத் தின்பது ஆணி மட்டுமன்று, கசிவும்தான். காற்றை அழுத்தச் செலவாகும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. சற்று நேரம் ஓடிய பம்பின் தலையைத் தொட்டால் கை சுடும். ஹோஸ் இணைப்பில் மெல்லிய கசிவு இருந்தால், நீங்கள் ஓர் ஆணியும் அடிக்காதபோதே பம்ப் ஓடி ஓடி நிற்கும், பேட்டரி கரையும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்குங்கள். மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசரில் யாரும் பொருட்படுத்தாத கசிவு, இங்கே அரைநாள் வேலையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: அதே கம்ப்ரசரில் 90 மி.மீ. ஆணி அடிக்கும் ஃப்ரேமிங் கன்னை ஓட்டலாமா?

ஓட்டலாம், வேலை நடக்காது. அந்த கன் ஓர் ஆணிக்கே சில லிட்டர் காற்று கேட்கும். பத்து ஆணிக்குள் அழுத்தம் சரிந்து, அடுத்த ஆணியின் தலை மரத்துக்கு வெளியே நிற்கும். சட்டம் கோக்கும் வேலைக்கு, எரிவாயுவில் இயங்கும் கேஸ் கன் அல்லது பெரிய பேட்டரி கன்னை வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி கன்களிலும் பல வகை என்கிறார்களே, ஐயா. உள்ளே என்னதான் நடக்கிறது?

மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது கேஸ் கன். சிறு குப்பியிலிருந்து வரும் எரிவாயுவைப் பொறி பற்றவைக்க, அந்த வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும். பேட்டரிக்கு அங்கே வேலை குறைவு, பொறிக்கும் விசிறிக்கும் மட்டும். கன் எடை குறைவு, வேகமும் நன்று. ஆனால் புகை நாற்றம் உண்டு, உள்ளே கரி படிவதால் அவ்வப்போது பிரித்துத் துடைக்க வேண்டும், கடுங்குளிரில் முரண்டு பிடிக்கும், குப்பிக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

இரண்டாவது, சுழல்சக்கரம். மோட்டார் ஒரு சக்கரத்தை வேகமாகச் சுழற்றி வைத்து, அந்த வேகத்தை பிளேடுக்குக் கொடுக்கிறது. சக்கரம் வேகம் பிடிக்கக் கண நேரம் ஆகும். காற்று கன்னுக்குப் பழகிய விரலுக்கு அந்தத் தாமதம் முதலில் உறுத்தும். உதைப்பும் சற்றுக் கூடுதல்.

மூன்றாவது, மூடிய சிலிண்டரில் காற்றையோ நைட்ரஜனையோ அடைத்து வைத்த வகை. மோட்டார் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, அடைபட்ட வாயு அதை முன்னே வீசுகிறது. அடிப்பது காற்று கன் போலவே சட்டென்று இருக்கும். புதிதாகப் பேட்டரி கன் வாங்குபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

கேள்வி: என்னிடம் எதுவுமே இல்லை, ட்ரில் மட்டும் இருக்கிறது. பழுது பார்க்கும் வேலைதான் அதிகம்.

அந்த ட்ரில்லின் பேட்டரியே பொருந்துகிற 18 கேஜ் கன் ஒன்று போதும். பையிலிருந்து எடுத்து நான்கு ஆணி அடித்துவிட்டுக் கிளம்புகிற வேலைக்கு ஹோஸை விரித்து, டாங்கை நிரப்பிக் காத்திருப்பது வீண். ஆள் குடியிருக்கும் வீடென்றால் கம்ப்ரசர் இரைச்சலும் இல்லை.

கேள்வி: கெட்டி மரத்தில் ஆணித்தலை முழுதாக உட்காருவதில்லை. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா?

கன்னின் உடலில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. முதலில் ஆணி இறங்கும் ஆழத்தை மாற்றும் திருகைப் பாருங்கள். பிறகு, விசையை இழுக்கும்போது கன்னின் மூக்கை மரத்தில் உறுதியாக அழுத்துகிறீர்களா என்று கவனியுங்கள். கை தளர்ந்தால் உதைப்பில் கன் எம்பி, ஆணி மேலே நின்றுவிடும். ஹோஸ் மிக நீளமாகவோ ஒல்லியாகவோ இருந்தாலும் அழுத்தம் வழியிலேயே குறையும். எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால் நீளம் குறைந்த ஆணிக்கு மாறுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆக்சிஜன் சிலிண்டரைக் காற்று கன்னில் இணைக்காதீர்கள், அது வெடிக்கும்.

கேள்வி: ஆணி சிக்கிக்கொண்டால்?

காற்று கன் என்றால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பேட்டரி கன் என்றால் பேட்டரியை. அதன் பிறகுதான் மூக்கைத் திறக்க வேண்டும். ஆணி அடிக்கும்போதும் மரத்தைப் பிடித்த கை, ஆணியின் நீளத்தைவிடத் தள்ளியே இருக்கட்டும். 18 கேஜ் ஆணி உளி முனை கொண்டது. கெட்டியான ரேகையில் பட்டால் வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும், அங்கே விரல் இருந்தால் விரலுக்குள் போகும்.

கேள்வி: கம்ப்ரசரை வேலை முடிந்ததும் அப்படியே வைத்துவிடலாமா?

வேண்டாம். அழுத்திய காற்றில் இருந்த ஈரம் டாங்கின் அடியில் நீராகத் தேங்கும், இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அழுத்தத்தை இறக்கிவிட்டு, அடியிலுள்ள வால்வைத் திறந்து, டாங்கைச் சற்றுச் சாய்த்து நீரை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.