நேரம் தப்பிய கைதட்டல்

அன்புள்ள அம்மா,

வயது 68. மார்கழி வந்தாலே எனக்கும் மனைவிக்கும் சண்டை. "சபாவுக்குக் கச்சேரி கேட்க வாங்க" என்கிறாள். எதற்கு? இப்போது பாடுகிறவர்கள் சாகித்தியத்தை, பாட்டின் வரிகளை, மென்று விழுங்குகிறார்கள். மிருதங்கம் இடிக்கிறது, தம்புரா இருப்பதே தெரிவதில்லை. வீட்டில் அந்தக் காலப் பாடகர் மதுரை மணி ஐயரின் பழைய பதிவுகள் இருக்கின்றன. ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் துல்லியம். போன வருஷம் அவளுக்காகத்தான் போனேன். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், கடைசியில் மூன்று முறை வருகிற முடிவுக் கணக்கான கோர்வை, மூன்றாம் முறை வந்து முடிந்ததே தெரியவில்லை. எல்லோரும் தட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் தட்டினேன். அது கிடக்கட்டும். டிக்கெட் விலை, கேன்டீன் கூட்டம், அந்த மிருதங்க இடி! இப்போது தனியாகப் போகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல பதிவைக் கேட்பது குற்றமா?

- பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

அன்புள்ள ஐயா,

குற்றமில்லை. ஆனால் "அது கிடக்கட்டும்" என்று தள்ளினீர்களே, அந்தக் கைதட்டலை என்னால் தள்ள முடியவில்லை. கோர்வை எங்கே வந்து விழும் என்று தொடையில் தாளம் போட்டுக் காத்திருக்கிற ரசிகர் நீங்கள். அந்த இடம் நழுவியதில் பயந்துவிட்டீர்கள். பாடகருக்கு விழும் திட்டெல்லாம் அந்தப் பயத்தினால்தான்.

சாகித்தியம் புரியவில்லை, மிருதங்கம் இடிக்கிறது: இரண்டும் சேர்ந்து வந்தால் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வயதாகும்போது உச்ச ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. மெல்லிய சத்தம் எட்டாது. பெரிய சத்தமோ மட்டுமீறி அறையும்.

மணி ஐயர் மட்டும் எப்படித் துல்லியம்? நூறு தடவை கேட்டவர் நீங்கள். காது விட்டதை ஞாபகம் நிரப்பிவிடுகிறது. அவர் அன்று கற்பனையாகப் பாடிய ஸ்வரம் உங்களுக்கு இன்று முன்பே இயற்றி வைத்த கிருதி மாதிரி மனப்பாடம். மேடையில் அந்த நிமிஷம் பிறக்கிற ஸ்வரத்துக்கு ஞாபகம் துணைக்கு வராது. பதிவா கச்சேரியா என்ற ஒப்பீடே அங்கே கோணிவிட்டது.

இன்னொன்று, கோபிக்காதீர்கள்: மனைவியிடம் மறைத்தது தப்பு. காரணம் தெரியாததால், தன்னோடு உட்கார உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்கிற செவித்திறன் சோதனை எடுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கலாம். காது கேட்கும் கருவி வேண்டும் என்றால், இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். பேச்சுக்கான அமைப்பு தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கும், நீட்டிப் பிடிக்கிற ஸ்வரமான கார்வையைக் கருவியின் கூவல் என்று வெட்டும். இது தெரியாமல் கருவியை டிராயரில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

பரிசோதனைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டோவிலேயே அந்தக் கைதட்டலைச் சொல்லிவிடுங்கள்.